புளிச்சகீரை, இரண்டாம் ஷிப்ட்

ராத்திரி பன்னிரண்டே காலுக்கு
கம்பெனி பஸ் என்னை ஆரம்பாக்கத்தில் உதிர்த்துவிட்டுப் போகும்.
கைகால் கழுவுமுன் கொல்லைக்குப் போகிறேன்
செல்போன் டார்ச்சோடு.

பகலில் இலை யோக்கியன்போல் நிற்கும்.
இந்நேரம்தான் புரட்டிப் பார்க்க விடும்:
நரம்போரம் வரிசை கட்டிய முட்டை,
தளிர் நுனியில் மாவு அப்பியதாய்ப் பூச்சி,
அதன் தித்திப்புக்கு ஏறிவரும் எறும்புச் சாரி.
சிறுகீரைப் பாத்தியில்
இரண்டு இலையை நூலால் தைத்து
நடுவே படுத்திருக்கிறது பச்சைப் புழு.
அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை,
கரண்ட் பில் கூட இல்லை.

தடாவுக்கு அந்தப் பக்கம் எட்டு மணிநேரம்
பூதக்கண்ணாடிக்குக் கீழே
ஈயப் பொட்டுகளைப் பார்த்திருப்பவள் நான்.
தூசி இருந்தால் ரிஜெக்ட்.
கீறல் இருந்தால் ரிஜெக்ட்.
பொட்டோடு பொட்டு ஒட்டியிருந்தால்
சிவப்புத் தொட்டி, கையெழுத்து, நேரம்.
அதே கண்ணோடு வீட்டுக்கு வந்து
ஓட்டை விழுந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டேன்.
முதல் வாரம் முடிய
ஒரு பாத்தி முழுக்கக் காலி.
புழு தின்றது அதில் கால்வாசி இருக்கும்.

நாகரத்னா இரண்டு நாள் பேசவில்லை.
விதை அவளுடையது,
வரதய்யபாளையத்திலிருந்து முந்தானையில் முடிந்து வந்தது.
அவளுக்கு அது கோங்கூரா, எனக்குப் புளிச்சகீரை.
அவள் புருகு என்பாள், நான் புழு என்பேன்.
சொல் கொஞ்சம் நெளிந்தாலும்
ஓட்டை ஒரே அளவு.

மூன்றாம் நாள்
இஞ்சி பூண்டு பச்சைமிளகாய் அரைத்தாள்.
வீட்டுக்காரர் ராஜமன்னார்
மோப்பம் பிடித்து மாடியிலிருந்து இறங்கி
என்னம்மா தொக்கு, என்றார்.
உங்களுக்கில்லை, என்றாள்.

லீவு நாளில் நானும் என் பங்குக்கு
வேப்பெண்ணெய் கலக்கினேன்.
சீக்கிரம் சாகட்டும் என்று
சோப்பை அள்ளிப் போட்டு
உச்சிவெயிலில் அடித்தேன்.
சாயங்காலம் இலைகள்
தோசைக்கல்லில் மறந்துபோன ஓரம்போலக் கருகிக் கிடந்தன.
புழு சௌக்கியம்.

இப்போது ஒரு ஏற்பாடு.
அவள் முதல் ஷிப்ட், நான் இரண்டாவது.
லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி எண்ணெய், துளி சோப்பு,
வெயில் தாழ்ந்தபின், இலைக்கு அடியில்:
அது அவள் வேலை.
நடுராத்திரியில் பொறுக்கி உப்புத்தண்ணீரில் போடுவது என் வேலை.
ஒருவரையொருவர் பார்க்காத நாட்களில்
தெளிப்பான் இருக்கும் இடத்தை வைத்துத்தான்
கோபமா இல்லையா என்று தெரியும்.

போன ஞாயிறு லைன் இன்சார்ஜ் சுதர்சன ரெட்டி
சாப்பிட வந்தார்.
முடிக்கற்றையில் ஒரு முடி தடித்திருந்தாலும்
கண்டுபிடிக்கிற மனிதர்.
நாலு தண்ணீரில் அலசிய கீரைதான்.
இரண்டாம் கவளத்தில்
எள்ளைவிடச் சற்று நீளமாய், வெந்து, வெளுத்து.
நான் பார்த்தேன். நாகரத்னா பார்த்தாள்.
ஃபேன் சத்தம் மட்டும்.
அவர் சுண்டுவிரலால் அதைத் தள்ளி
வறுத்த மிளகாய்க்குப் பக்கத்தில் சேர்த்தார்.
இன்னும் கொஞ்சம் அன்னம், என்றார்.

திங்கட்கிழமை
என் போர்டுகளில் நாலைத் திருப்பி அனுப்பினார்.
ஒன்றில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.
நான் வாதாடவில்லை.

அன்றிரவு
புதிய தளிருக்கு அடியில் புதிய முட்டை.
எண்ணினேன், பதினேழு.
கட்டைவிரலால் ஒன்பதைத் தேய்த்தேன்.
தூக்கம் வந்துவிட்டது.